மொட்டை மாடியில் ஜெர்மன்

"ஏண்டா, மாடியில யாரு சண்டை போட்டுண்டிருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

அம்மாவுக்கு வயசு எண்பத்து நாலு. முழங்கால் ரெண்டும் வேலை நிறுத்தம். காது மட்டும் பாம்புக் காது. சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் பழைய ஃப்ளாட், ரெண்டாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி, காய்கறி வண்டியின் ஸ்பீக்கர், தூரத்தில் பறக்கும் ரயில், இத்தனைக்கும் நடுவே அந்தக் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. ஒரு பெண் குரல். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப, அழுத்தி அழுத்தி.

"சண்டை இல்லம்மா. நம்மாத்துல பாத்திரம் தேய்க்க வராளே, அவ பொண்ணு. ஜெர்மன் படிக்கறது" என்றேன்.

நான் அப்படித்தான் சொன்னேன். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்தப் பெண் நர்ஸிங் முடித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். ஜெர்மனியில் வேலை கிடைக்க ஏ1, ஏ2, பி1, பி2 என்று படி படியாக ஏற வேண்டும். வீடு பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி. ஒரே அறை, ஒரே டி.வி., பக்கத்து வீட்டு டி.வி.யும் சேர்த்தால் ரெண்டு. வாய்விட்டுப் படிக்க இடமில்லை. "மாடியில கொஞ்ச நேரம் உக்காந்து படிச்சுக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். சரி என்றோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை கூட.

அம்மா திருப்தியாகவில்லை. "இவ்ளோ முரட்டு பாஷையை எதுக்குப் படிக்கணும்? ஃபிரெஞ்சு படிச்சா வாய்க்கு நன்னா இருக்குமே!"

அம்மாவுக்கு ஃபிரெஞ்சும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. எனக்கும்தான். ஆனாலும் எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை. ஏனென்றால் என் காதிலும் அது சண்டை மாதிரிதான் விழுந்தது. உங்களுக்கும் அப்படித்தான் விழும். ஜெர்மன் என்றதும் உங்கள் மனசில் என்ன சத்தம் கேட்கிறது? தேவி தியேட்டரிலோ, ராத்திரி டி.வி.யிலோ பார்த்த யுத்தப் படங்கள். 'ஹால்ட்!', 'ஷ்னெல்!' என்று பூட்ஸ் காலோடு கத்துகிறவன். நம் வாழ்க்கையில் கேட்ட ஜெர்மன்காரர்களில் முக்கால்வாசிப் பேர் ஹாலிவுட் சம்பளம் வாங்கிக்கொண்டு கத்தியவர்கள். நிஜத்தில் ஒரு ஜெர்மன் தாத்தா பேரனுக்குக் கதை சொல்லி நாம் கேட்டதில்லை.

இந்தக் கெட்ட பேர் புதிதல்ல. கடவுளோடு ஸ்பானிஷிலும், குதிரையோடு ஜெர்மனிலும் பேசுவேன் என்று சொன்னதாக ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி பேரில் ஒரு கதை உண்டு. (அவர் சொன்னாரா என்பது சந்தேகம். இந்த மாதிரி வாசகங்களை எல்லாம் ஏதாவது ஒரு ராஜா தலையில் கட்டிவிடுவார்கள்.) மார்க் ட்வெய்ன் 1880-ல் தன் பயண நூலின் கடைசியில் ஜெர்மனைக் கிழி கிழி என்று கிழித்து ஒரு கட்டுரையே சேர்த்தார். அதில் அவருடைய பெரிய புகார்: ஜெர்மன் இலக்கணத்தில் டர்னிப் கிழங்கு பெண்பால், ஒரு இளம் பெண்ணோ பாலே இல்லாத அஃறிணை. மேட்ஷென் என்றால் சிறு பெண். அந்தச் சொல் 'அது' வகை. கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஷென்' என்ற குறுமை விகுதி எதோடு சேர்ந்தாலும் 'அது'வாக்கிவிடும். இது இலக்கண காரணம். ட்வெய்னுக்கு அதெல்லாம் கவலையில்லை, சிரிப்புதான் வேண்டும்.

நானும் இதைப் படித்துவிட்டு ரொம்ப வருஷம் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாயங்காலம்தான் உறைத்தது. "பொண்ணு ஜெர்மன் படிக்கறது." பையன் படிக்கிறான், பொண்ணு படிக்கிறது. தமிழில் நாம் தினம் பேசுவது இதுதானே. 'பொண்ணு வந்துது', 'குழந்தை அழறது.' உயர்திணை, அஃறிணை என்று உலகத்தையே ரெண்டாகப் பிரித்து வைத்த மொழியில், கல்யாணத்துக்கு நிற்கும் பெண் 'அது'. ட்வெய்ன் மயிலாப்பூர் வந்திருந்தால் இன்னொரு கட்டுரை தேறியிருக்கும்.

சரி, சத்தத்துக்கு வருவோம். முரடாகத் தோன்றுவதற்குக் காரணமே இல்லையா? உண்டு. இலையுதிர் காலத்துக்கு ஜெர்மனில் ஹெர்ப்ஸ்ட். எழுதிப் பாருங்கள்: ஒரே ஒரு உயிரெழுத்து, அதன் வாலில் வரிசையாக நாலு புள்ளி. தமிழ்ச் சொல் இப்படி முடியவே முடியாது. நாம் உடனே நடுவில் ஓர் 'உ'வோ 'இ'யோ செருகி மூச்சு வாங்கிக்கொள்வோம். ஸ்கூலை இஸ்கூல் ஆக்கினவர்கள் அல்லவா? அது தவிர, உயிரெழுத்தில் ஆரம்பிக்கும் சொற்களுக்கு முன்னால் ஜெர்மன்காரர்கள் தொண்டையில் ஒரு சின்ன வெட்டு வெட்டுவார்கள். நாம் வார்த்தைகளைச் சந்தி சேர்த்து ஒன்றோடொன்று குழைக்கிறோம். அவர்கள் தனித்தனியாக நறுக்கி வைக்கிறார்கள். நம் காதுக்கு அது அதட்டல். அவர்கள் காதுக்கு அது தெளிவு.

ஆனால் இதே தொண்டை சமாசாரம் நம்மிடமும் இருக்கிறது. ஆய்த எழுத்தை ஒழுங்காகச் சொல்லிப் பாருங்கள், 'அஃது' என்று. பாஃக் என்ற இசை மேதையின் பெயரில் கடைசியில் வரும் ஒலிக்கு அது தூரத்துச் சொந்தம். நாம்தான் அதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டோம்.

எண்பதுகளில் டெல்லியில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். என் டேபிளுக்கு எதிர் டேபிள் நண்பர், நல்ல மனுஷர், நான் ஊருக்கு டிரங்க்கால் பேசி முடித்ததும் ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே நாலு குண்டூசி, ரெண்டு கிளிப். என் காதுக்குப் பக்கத்தில் கடகடவென்று குலுக்கினார். "உங்கள் பாஷை!" என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் போனில் பேசியது அப்பாவுக்கு ஆபரேஷன் எப்படி ஆச்சு என்று. வடக்கே போன தமிழர்களில் இந்த டப்பா ஜோக்கைக் கேட்காதவர்கள் குறைவு. டப்பாவுக்குள் குண்டூசியா கூழாங்கல்லா என்பதில்தான் வித்தியாசம். தமிழ் என்றாலே இனிமை என்று நிகண்டு அர்த்தம் சொல்கிறது. கரோல்பாக்கில் நிகண்டு விற்பதில்லை.

இதில் ஓர் ஆராய்ச்சி கூட நடந்திருக்கிறது. 2023-ல் வெளியானது. 228 மொழிகளின் பேச்சுப் பதிவுகளை, ஆங்கிலம், சீனம், செமிட்டிக் மொழிகள் பேசுகிற 820 பேருக்குப் போட்டுக் காட்டி, எது கேட்க நன்றாக இருக்கிறது என்று மார்க் போடச் சொன்னார்கள். எந்த மொழியும் பெரிசாக ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. எல்லாம் நடுவில் வந்து குவிந்தன. ஒன்று மட்டும் தெரிந்தது: 'இது எனக்குத் தெரிந்த மொழி' என்று நினைத்துவிட்டால் மார்க் கூடிவிடுகிறது. அந்த நினைப்பு தப்பாக இருந்தாலும்!

இன்னொரு சாட்சி. 1942 ஜூனில் ஹிட்லர் பின்லாந்துக்குப் போய் மானர்ஹைம் என்கிற தளபதியைச் சந்தித்தார். பேச்சின் ஒரு பகுதியை, சுமார் பதினொரு நிமிஷம், பின்லாந்து ரேடியோ இன்ஜினியர் ஒருவர் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்துவிட்டார். இன்றும் கேட்கலாம். மேடையில் உலகத்தை நடுங்க வைத்த அந்தக் குரைப்பு அதில் இல்லை. தாழ்ந்த குரலில், நிதானமாக, ரஷ்யர்களிடம் இத்தனை டாங்கி இருக்கும் என்று நினைக்கவில்லையே என்று அலுத்துக்கொள்கிற ஒரு சாதாரண ஆள். பாங்க் மானேஜர் கடன் வாராக்கடனாகிவிட்டது என்று சொல்கிற தொனி. எனக்கு அந்தக் கத்தலை விட இந்த நிதானம்தான் பயமாக இருந்தது. கோடிப் பேர் சாவுக்கு உத்தரவு போட்ட வாயும் சாயங்கால டீக்கு நடுவே மெதுவாகத்தான் பேசியிருக்கிறது.

நம்ம ஊர் விஷயத்துக்கு வந்தால், மயிலாப்பூரில் ஜெர்மனுக்குக் கெட்ட பேர் என்று சொன்னால் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். இங்கே அதற்கு நேர் எதிர் பிம்பம் ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பது மணிக்கு மேல், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடலுக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய் டாங்கிகள் மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் போட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. ஊரே மூட்டை கட்டியது. உயிர்கள் போயின. அதற்கப்புறம் நாம் என்ன செய்தோம்? அந்தக் கப்பலைத் திட்டினோமா? 'அவன் சரியான எம்டன்!' என்று கெட்டிக்காரனுக்கும் சாமர்த்தியசாலிக்கும் பட்டம் கொடுத்தோம். வெள்ளைக்காரனை ஒரு ராத்திரி ஓட விட்டவன் அல்லவா? குண்டு போட்டவன் பேரைச் செல்லப் பேராக்கிய ஊர் உலகத்தில் வேறு இருக்குமா, தெரியவில்லை. 2006-ல் 'எம்டன் மகன்' என்று ஒரு படம் எடுத்தார்கள். தமிழ்ப் பெயருக்குக் கேளிக்கை வரி விலக்கு என்றதும் 'எம் மகன்' ஆகிவிட்டது. நூறு வருஷமாகத் தமிழில் குடியிருந்த சொல்லுக்கு ரேஷன் கார்டு இல்லை.

இன்னொரு பிம்பம் நாகேஸ்வரராவ் பார்க்கில் காலை ஆறரை மணிக்குக் கிடைக்கும். வாக்கிங் மாமா ஒருவர் சொல்வார்: "ஜெர்மன்காரன் நம்ம வேதத்தைத் தூக்கிண்டு போய்த்தான் சார் ராக்கெட் பண்ணினான்!" சமஸ்கிருதமும் ஜெர்மனும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பார். இரண்டும் ஒரே பெருங்குடும்பம் என்பது உண்மை. அந்தக் குடும்பத்தில் ரஷ்யனும் பாரசீகமும் ஆங்கிலமும்கூட உண்டே என்றால் மாமா வேகமாக நடக்க ஆரம்பித்துவிடுவார். ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்து, இந்தியாவில் ஒரு நாள் கூடக் கால் வைக்காமல் போனவர். விவேகானந்தர்தான் 1896-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் அவரைப் பார்த்தார். ஆனால் நம் ஊரில் ஜெர்மன் கற்றுக்கொடுக்கிற இடத்துக்கு அவர் பேர்தான். உலகம் முழுக்க கதே பேரில் இருக்கிற அதே அமைப்பு, இந்தியாவில் மட்டும் மாக்ஸ் முல்லர் பவன். சமஸ்கிருதத்துக்கு இன்றும் ஆதாரமான பெரிய அகராதிகளில் ஒன்று, 1855-லிருந்து 1875 வரை பீட்டர்ஸ்பர்க்கில் அச்சானது, விளக்கமெல்லாம் ஜெர்மனில். அதைப் பார்க்கவே ஜெர்மன் கற்றுக்கொண்ட பண்டிதர்கள் இருந்தார்கள்.

தமிழுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, வயசான வாத்தியார் ஒருவரிடம், குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அக்கறையாக ஒரு புத்தகம் எழுதி ஊருக்கு அனுப்பினார். விக்கிரக வழிபாட்டை ஒழிக்கப் போன ஆள் அதைப் பற்றி ஐரோப்பாவில் பரப்புவதா என்று அங்கே பெரியவர்கள் மூலையில் போட்டுவிட்டார்கள். 1867-ல்தான், அவர் இறந்து ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் கழித்து, அச்சாயிற்று. அச்சானது நம்ம சென்னையில்!

இத்தனை மரியாதையிலும் ஒரு சங்கதி கவனித்தீர்களா? இதில் எங்கேயும் யாரும் ஜெர்மன் மொழியைக் காதில் வாங்கவில்லை. எதிரியின் எதிரி, வேதத்தின் பாதுகாவலன், 'ஜெர்மன் மேக்' மிக்ஸி மோட்டார். 2014 நவம்பரில் கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மனை மூன்றாவது மொழி இடத்திலிருந்து பாதி வருஷத்தில் எடுத்துவிட்டு சமஸ்கிருதம் வைத்தபோதும் அப்படித்தான். பிரிஸ்பேன் மாநாட்டில் ஜெர்மன் பிரதமர் மெர்கல் நம் பிரதமரிடமே பேச்செடுத்தார், வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. தேசபக்தி என்றார்கள், சட்டம் என்றார்கள். ஆறாம் வகுப்புப் பையனுக்கு அந்த மொழி எப்படிக் கேட்டது என்று யாரும் விசாரித்ததாக ஞாபகம் இல்லை. இப்போது விசா வந்திருக்கிறது. பி2 என்பது மொழியின் பேரா, விமான சீட் நம்பரா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு.

இனி கொஞ்சம் கஷ்டமான கேள்வி. முரடு, இனிமை எல்லாம் காதின் பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மொழிக்குப் பாவம் ஒட்டுமா? ஒரு மொழியில் லட்சக்கணக்கான கொலைக்குத் திட்டம் தீட்டி, ஃபைல் போட்டு, ரசீது வாங்கினால், அந்த மொழி கறை படாமல் இருக்குமா?

ஒட்டும் என்று நினைத்தவர்கள் நிறைய. முதல் உலகப் போரிலேயே, 1918-ல், அமெரிக்காவின் ஐயோவா மாநில கவர்னர், பொது இடத்திலோ சர்ச்சிலோ டெலிபோனிலோகூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று பிரகடனம் போட்டார். குறி ஜெர்மன் மேல்தான். நெப்ராஸ்கா மாநிலத்தில் பத்து வயசுப் பிள்ளைக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததற்காக ஒரு வாத்தியாருக்குத் தண்டனை. 1923-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதெல்லாம் ஹிட்லருக்கு முன்னால்! பின்னால் வந்ததைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அதிகம் அடிபட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். பால் செலான் என்ற யூதக் கவிஞர். அப்பா, அம்மா இருவரையும் நாஜி முகாமில் இழந்தவர். வீட்டில் நல்ல ஜெர்மன் பேச வேண்டும் என்று வற்புறுத்தி வளர்த்தது அந்த அம்மாதான். மகன் சாகிற வரை பாரிஸில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனில்தான் கவிதை எழுதினார். கொன்றவனின் மொழி, கொல்லப்பட்டவளின் மொழி, ரெண்டும் ஒன்று. ஹன்னா அரெண்ட் என்ற சிந்தனையாளர், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர், 1964-ல் டி.வி. பேட்டியில் பழைய ஜெர்மனியிலிருந்து உங்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்டதற்குத் தாய்மொழி என்றார். பைத்தியம் பிடித்தது மொழிக்கு அல்ல என்பது அவர் கட்சி.

எனக்கு அதில் பாதிதான் சம்மதம். விக்டர் க்ளெம்பரர் என்று ஒரு பேராசிரியர், டிரெஸ்டனில் இருந்த யூதர். மனைவி யூதர் இல்லை என்பதால் உயிர் தப்பியவர். அந்தப் பன்னிரண்டு வருஷமும் நாஜிகளின் வார்த்தைகளை டயரியில் ரகசியமாகக் குறித்து வைத்து 1947-ல் புத்தகமாகப் போட்டார். 'வெறித்தனம்' என்ற சொல் எப்படிப் பாராட்டாக மாறியது, 'தனிப்பட்ட கவனிப்பு' என்ற சொல் எப்படிக் கொலைக்கு மாற்றுப் பேரானது என்று ஒவ்வொன்றாக. வார்த்தைக்குக் கறை ஒட்டுகிறது. நம்மிடமும் பாருங்கள்: சேரி என்றால் சங்க காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் சேரியில் இருந்தார்கள். இன்று அந்தச் சொல்லை நீங்கள் சகஜமாகச் சொல்ல முடியுமா? அந்தச் சொல் ஒன்றும் செய்யவில்லை. நாம் செய்தோம்.

ப்ரீமோ லெவி என்ற இத்தாலிய ரசாயன நிபுணர் ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்து மீண்டவர். அவர் ஒரு நுணுக்கம் எழுதியிருக்கிறார். ஜெர்மனில் சாப்பிடுவதற்கு ரெண்டு வினைச்சொல். மனுஷன் சாப்பிட்டால் எஸ்ஸன். மிருகம் தின்றால் ஃப்ரெஸ்ஸன். முகாமில் கைதிகள் விஷயத்தில் புழங்கியது ரெண்டாவதுதான். அதில் விசேஷமாக அவமானப்படுத்தும் நோக்கம்கூட இல்லை. அங்கே அது சாதாரணப் பேச்சு.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் நம் வீட்டில் மூன்று இருக்கிறது. சாப்பிடு, தின்னு, கொட்டிக்கோ. என் சின்ன வயசில், தெற்கு மாட வீதி வீட்டில், கொல்லைப்புற வாசலில் அலுமினியத் தட்டில் பழையதை வைத்துவிட்டு எங்கள் பாட்டி எந்தச் சொல்லைச் சொன்னாள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாட்டி கெட்டவள் இல்லை. தானமாகத்தான் போட்டாள். சொல்லில் கோபமும் இல்லை. அங்கே அது சாதாரணப் பேச்சு.

இனிமையான மொழி என்பதால் அந்தச் சொல் வாசலில் நின்றவர் காதில் தேனாகவா விழுந்திருக்கும்? மயிலாப்பூர்க் காதுக்கு மெட்ராஸ் பாஷை கொச்சை. 'இன்னா நைனா' என்றால் முகத்தைச் சுளிக்கிறோம். கஸ்மாலம் என்று யாராவது திட்டினால் காதைப் பொத்திக்கொள்கிறோம். கீதை இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனனிடம் பகவான் முதலில் பிரயோகிக்கிற சொற்களில் அந்தக் 'கச்மலம்' இருக்கிறது. பிரவசனத்தில் வந்தால் பக்தி, ஆட்டோ ஸ்டாண்டில் வந்தால் அசிங்கம். ஜெர்மனியில் ஹாம் என்ற ஊரில் இலங்கைத் தமிழர்கள் 2002-ல் காமாட்சி அம்மனுக்குப் பெரிய கோயில் கட்டினார்கள். அந்த ஊர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த ஒரு தூரத்து உறவுக்காரப் பையன் போன டிசம்பரில் வந்திருந்தான். "அங்கிள், எனக்குத் தமிழ்தான் கோபமான பாஷை. அப்பா திட்டும்போது மட்டும்தான் தமிழ். ஃப்ரெண்ட்ஸ், விளையாட்டு, ஜோக் எல்லாம் ஜெர்மன்" என்றான். அவனிடம் நிகண்டைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை.

மாடிக்குத் திரும்புவோம். மறு நாள் அந்தப் பெண் கீழே இறங்கி வந்தபோது அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டி குழந்தே, நேத்து யாரை அப்படித் திட்டினே?"

அவள் சிரித்துவிட்டாள். "திட்டலை பாட்டி. 'ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன்?' அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன்."

"அப்படின்னா?"

"'உங்களுக்கு வலி இருக்கா?'ன்னு அர்த்தம். பேஷன்ட்டைக் கேக்கணும் இல்ல?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முழங்காலைக் காட்டி, "இருக்குடி. ரெண்டுலயும் இருக்கு" என்றாள். அன்றிலிருந்து சாயங்காலப் பாடம் மாடியிலிருந்து எங்கள் ஹாலுக்கு இறங்கி வந்துவிட்டது. அம்மா பேஷன்ட். அவள் ஜெர்மனில் கேட்பாள், அம்மா தமிழில் முனகுவாள். ஒரு மாதத்தில் அம்மாவுக்கு 'ஷ்மெர்ட்ஸன்' வாயில் நுழைந்துவிட்டது. பட்டாம்பூச்சிக்கு ஷ்மெட்டர்லிங் என்பதையும் கற்றுக்கொண்டு, "பாவம், அந்தப் பூச்சிக்கு இவ்ளோ கனமான பேரு" என்றாள். கருத்தை முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு நாள் அந்தப் பெண் நோட்டோடு என்னிடம் வந்தாள். "சார், இந்த டூ, ஸீ குழப்பமா இருக்கு." நம் நீ, நீங்க மாதிரிதான். டூ என்றால் நீ, ஸீ என்றால் நீங்கள். பன்மையை மரியாதை ஆக்குகிற வித்தை அவர்களிடமும் இருக்கிறது. நான் பெரிய மனுஷத்தனமாக, "பெரியவாளுக்கு ஸீ, சின்னவாளுக்கு டூ. சிம்பிள்" என்றேன்.

"இல்ல சார். எங்க மிஸ் வேற மாதிரி சொன்னாங்க. தெரியாத பெரியவங்க எல்லாருக்குமே ஸீதானாம். டாக்டருக்கும் ஸீ, வார்டு கூட்டுறவங்களுக்கும் ஸீ. மாத்திச் சொன்னா தப்பாம்." சற்று நிறுத்தி, "அப்ப நம்ம ஊர் மாதிரி இல்ல, இல்ல சார்?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. இலக்கண சந்தேகம்தான். நோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

சமையலறையில் அவள் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை விட மூன்று வயசு மூத்தவர். எங்கள் வீட்டுக்கு இருபத்திரண்டு வருஷமாக வருகிறார். அவரை நான் 'நீ' என்கிறேன். என் மகன் பத்து வயசிலிருந்து 'நீ' என்கிறான். நாங்கள் பிரியமாகத்தான் இருக்கிறோம், தீபாவளிக்குப் புடவை, பொண்ணு ஃபீஸுக்குக் கடன், எல்லாம் உண்டு. ஜெர்மன்காரர்களும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வேலைக்காரனை நேருக்கு நேர் நின்று 'அவன்' என்று படர்க்கையில் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இருந்தது. முகாம்களில் கைதிகள் எல்லாரும் 'டூ'தான். அந்தப் பெண்ணிடம் இந்தச் சரித்திரத்தைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். "ஆமாம்மா, நம்ம ஊர் மாதிரி இல்லை" என்றேன்.

பி2 பாஸ் பண்ணிவிட்டாள். போன மார்ச்சில் போய்ச் சேர்ந்தாள். அங்கே அவளை வார்டில் சில வயசானவர்கள் 'ஷ்வெஸ்டர்' என்று கூப்பிடுகிறார்களாம். நம் ஊர் சிஸ்டரேதான். ஒரு கிழவர் தினம் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிப்பதாகவும், அவரைக் கெஞ்சிக் கெஞ்சிச் சாப்பிட வைப்பதாகவும் வாய்ஸ் மெசேஜ் வந்தது. எந்த வினைச்சொல் என்று நான் கேட்கவில்லை.

அந்த மெசேஜைக் கேட்ட மறு நாள் காலை, தீர்மானம் பண்ணிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அறுபது வயசில் நாக்கு திரும்புவது லேசில்லை. பி2 பரவாயில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க முதல்ல காபி சாப்பிடுங்க. அப்புறம் தேய்க்கலாம்" என்றேன்.

அவர் கையிலிருந்த வாணலியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன சார், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா? வேலைக்கு வேணாம்னா நேரா சொல்லிடுங்க."